நாகவல்லிக்குச் செய்த கத்தி

என் பெயர் ஜெகதீசன். கம்பெனியில் என் முதுகுக்குப் பின்னால் வழங்குகிற பெயர் ரிஜெக்ட் ஜெகதீசன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு வேண்டிய பின், ஷாஃப்ட் மாதிரி உதிரிபாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் பதினாறு வருடமாகத் தரம் பார்க்கிறேன். வெளியில் சூடேற்றிப் பதம்போட்டு வருகிற பின்களில் நாலைந்தை எடுத்து மெஷினில் வைத்து அழுத்துவேன். கடினம் ஒரு பாயிண்ட் கூடினாலும் சிவப்பு அட்டை, குறைந்தாலும் சிவப்பு அட்டை மாட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தப் பதம்போடுகிற வேலையை வெளியில் எடுத்துச் செய்கிற செல்வகுமார் ஒருமுறை, "ஒரு பாயிண்ட்தானே சார்" என்று கெஞ்சினார். "அந்த ஒரு பாயிண்ட்லதான் எவனோ ஒருத்தன் ரோட்டுல விழுந்து சாவான். அவன் பொண்டாட்டிகிட்ட போய் ஒரு பாயிண்ட்தான்னு சொல்றீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். மனிதர் முகம் செத்துப்போயிற்று. எனக்கு அன்று முழுக்க ஒரே பெருமை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தெரியாமல் செய்தவன் இல்லை.

கத்தி செய்கிற பைத்தியம் போன வருடம் பிடித்தது. பட்டாபிராமிலிருந்து அம்பத்தூருக்கு ரயிலில் போகிற நேரத்தில் போனில் வீடியோ பார்ப்பேன். எங்கேயோ ஒரு வெள்ளைக்காரன் துருப்பிடித்த பட்டையைக் காய்ச்சி அடித்து, கடைசியில் அதால் காகிதத்தைச் சீவிக் காட்டுவான். பதினாறு வருடமாக அடுத்தவன் செய்ததில் குற்றம் கண்டுபிடித்தே காலம் போய்விட்டது, நாமும் ஒரு பொருளைக் கையால் செய்து பார்க்கலாமே என்று ஓர் ஆசை. வீட்டுக்குப் பின்னால் பாத்ரூமுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது. மேலே ஷீட் போட்டேன். பத்துத் தீச்செங்கல்லை அடுக்கி, காற்றுக்கு என் மனைவி சாவித்திரியின் பழைய ஹேர் டிரையரைச் சொருகினால் உலை ரெடி. ஒரு ஆங்கிள் கிரைண்டர், இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், நாலு அரம், மேலே வைத்து அடிக்க ஒரு கனத்த இரும்புத் துண்டு. பூந்தமல்லியில் அப்துல் ரசாக் பாயின் பழைய இரும்புக் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை கிடைத்தது. காய்ச்சின இரும்பை முக்க, பஜ்ஜி சுட்ட எண்ணெயைச் சாவித்திரி கொட்டாமல் எனக்கு எடுத்து வைத்தாள். "புருஷனுக்குக் குடிப்பழக்கம் இல்லையேன்னு சந்தோஷப்பட்டேன். இது வந்து சேர்ந்துச்சு" என்பாள்.

முதல் கத்தி வாழைப்பழம் மாதிரி வளைந்தது. இரண்டாவது உலையிலேயே உருகி முனை போய்விட்டது. மூன்றாவதால் சாவித்திரி வெங்காயம் நறுக்கினாள். நறுக்கிவிட்டு அதைக் கழுவிப் பழைய கத்தி இருந்த இடத்தில் வைத்தாள். என்னைப் பிடிக்க ஆளில்லை. பார்க்கிறவனிடமெல்லாம் கத்தியைப் பற்றியே பேச ஆரம்பித்தேன். அப்படித்தான் நாகவல்லி அக்காவிடமும் வாயைக் கொடுத்தேன்.

எங்கள் தெரு முனையில் மீன் கடை போடுகிறவர் அவர். ஐம்பது வயதிருக்கும். மகன் மதுரைவீரன் டெம்போ ஓட்டுகிறான். விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து மீனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு அவன் சவாரிக்குப் போய்விடுவான். சித்திரையில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகள் காவ்யா பாரிவாக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது, பிளஸ் டூ படித்தவள். கடையில் மாமியாரும் மருமகளும்தான். சின்ன மீனை அக்கா தனியாகவே வெட்டிவிடுவார். பெரிய மீன் தலையைப் பிளப்பதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். அக்கா வலது கையால் கத்தியைத் தலைமேல் வைத்து, இடது கையால் மீனின் தாடையைப் பிடித்துக்கொள்வார். காவ்யா மரக்கட்டையால் கத்தியின் முதுகில் ஒரே அடி. தலை இரண்டாகிவிடும்.

"இந்தக் கத்திய தூக்கிப் போடுங்கக்கா. நான் ஒண்ணு செஞ்சு தரேன்" என்றேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"இன்னா நைனா, கம்பெனி வேலய உட்டுட்டு கொல்லன் வேல பாக்குறியா?" என்று சிரித்தார். "செய், செய். நீ செய்ற கத்தி மீன வெட்டுதா, இல்ல மீன் கத்திய வெட்டுதான்னு பாக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இதே கூட்டத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கிறேன் பார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன். அந்த அவசரம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

ஒரே பட்டையிலிருந்து இரண்டு கத்தி அடித்தேன், ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. வாரம் முழுக்க வேலை விட்டு வந்ததும் சந்துக்குள்தான். சனிக்கிழமை காலையில் இரண்டையும் செக்கச்செவேலென்று காய்ச்சி, காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொண்டுபோய், எண்ணெயில் முக்கினேன். புஸ்ஸென்று புகை எழுந்தது. ஆறினதும் அரம் போட்டுப் பார்த்தேன். அரம் கண்ணாடியில் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு போயிற்று. நல்ல இறுக்கம்.

ஆனால் வேலை அங்கே முடிவதில்லை. அப்படி இறுகின இரும்பு கூர்மையாக இருக்கும், ஆனால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதை இருநூறு டிகிரி இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, திரும்ப இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். அப்போதுதான் அதன் முறுக்குத் தணிந்து அடி தாங்கும். கம்பெனியில் இதற்கு டெம்பரிங் என்று பேர். நான் வருடக்கணக்கில் சிவப்பு அட்டை மாட்டியதில் பாதி, இதைச் சரியாகச் செய்யாத பின்களுக்குத்தான்.

என் பட்டறைக்கு டெம்பரிங் அடுப்பு சாவித்திரியின் ஓவன். அவள் அதில் ஆர்டருக்கு கேக் செய்கிறாள். அன்றைக்கு எதிர் பிளாட் குழந்தைக்குப் பிறந்தநாள். மூன்று கேக் வரிசையில் நின்றது.

"இன்னைக்கு ஓவன் கெடையாது. எண்ணெய் நாத்தம் புடிச்ச இரும்ப வெச்சுட்டு அதுல கேக் வெச்சா பஜ்ஜி வாசனை அடிக்கும். நாளைக்கு வெச்சுக்கோங்க" என்றாள்.

நாளைக்கு என்றால் ஞாயிறு. கடை காலையில். ஒரு வாரம் தள்ளிக் கொடுத்திருக்கலாம். கேட்க யாருமில்லை, கெடு வைத்தவர் யாருமில்லை. ஆனால் எனக்குக் கூட்டத்துக்கு முன்னால் கொடுக்க வேண்டும். இப்போது கொடுத்துவிடுவோம், அடுத்த வாரம் சாணை பிடிக்கிறேன் என்று வாங்கிவந்து ஓவனில் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செல்வகுமார் இதைச் சொல்லியிருந்தால் நான் அவரை உயிரோடு தோலுரித்திருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

ஞாயிறு காலை துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். நீட்டினேன். "கத்திய கையில குடுக்காத நைனா, சண்ட வரும். கட்ட மேல வை" என்றார் அக்கா. வைத்தேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சங்கராவை எடுத்து ஒரே இழுப்பு. வெண்ணெயில் இறங்கினதுபோல இறங்கியது. "யம்மாடி!" என்றார். அவ்வளவுதான், என் கால் தரையில் இல்லை.

இரண்டு வாரமும் அதே புகழ்ச்சி. "கல்லுல தேக்கவே வோணாம்மா. அப்டியே கீது கூரு. நம்ம ஜெகதீசன் தம்பி செஞ்சது" என்று மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினார். கூர் மழுங்காமல் இருக்கிறதென்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு இறுக்கம் தணியாமல் இருக்கிறது என்று அர்த்தம். தலையைப் பிளக்கிற அளவுக்குப் பெரிய மீன் அந்த இரண்டு வாரமும் வரவில்லை, அதனால்தான் அது தாங்கியது. இரண்டு ஞாயிறும் அதைத் திரும்ப வாங்கி வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். இரண்டு ஞாயிறும் புகழ்ச்சியைக் கேட்டுவிட்டு மீனை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு, ஆனி மாதக் கடைசி. நான் போனபோது கடையில் மாமியாருக்கும் மருமகளுக்கும் தகராறு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், வீட்டுப் பக்கமே பஸ் வரும், நான் போகட்டுமா என்று காவ்யா கேட்டிருக்கிறாள். "கல்யாணம் ஆயி மூணு மாசம் ஆவல, அதுக்குள்ள பஸ் ஏறணுமா? மீன் நாறுதா ஒனக்கு?" என்று அக்கா கத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் ஒரு கொடுவா எடுத்தேன், மூன்று கிலோ. தலையைக் குழம்புக்குப் பிளந்து தரச் சொன்னேன்.

அக்கா கத்தியை வைத்தார். காவ்யா கட்டையை ஓங்கினாள். நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா வாரமும் அடிக்கிற அதே அடிதான். டிக்கென்று ஒரு சத்தம். கத்தி நடுவில் இரண்டாக உடைந்து, முன்பாதி துள்ளி அக்காவின் இடது உள்ளங்கையில் பாய்ந்தது. ஒரு கணம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ரத்தம் மீன் தண்ணீரோடு கலந்து ஓடியது.

ஆட்டோவில் தூக்கிப்போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மதுரைவீரன் டெம்போவைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடிவந்தான். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் போகிற நரம்பு அறுந்துவிட்டது, தையல் போட்டிருக்கிறோம், அந்த இரண்டு விரலும் பழையபடி மடங்குவது சந்தேகம் என்றார் டாக்டர். மீன் வெட்டுகிறவளுக்கு மீனைப் பிடிக்கிற கை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே பேச்சு ஆரம்பித்துவிட்டது. பக்கத்துக் கடைப் பூக்காரம்மா சொன்னாள்: "காத்தாலேந்து சண்ட. மாமியார் மேல இருந்த ஆத்திரத்த கத்தி மேல காட்டிட்டா." மதுரைவீரன் காவ்யாவைத் திரும்பிப் பார்த்தான். "கோவத்துல அடிச்சியா?" என்றான். அவள் அழுதுகொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டாள். நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். எல்லா வாரமும் அடிக்கிற அடிதான் என்று ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் கத்தி ஏன் உடைந்தது என்பதுதான். நான் சொல்லவில்லை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து வாங்கப் போனேன், பெரிய உபகாரி மாதிரி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சந்துக்குள் போனேன். எனக்கென்று வைத்திருந்த ஜோடிக் கத்தியை வைஸில் பிடித்து, சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். தட்டினேன் என்று சொல்வதுகூட அதிகம். ஒடிந்து கீழே விழுந்தது. ஒடிந்த இடத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். சர்க்கரையைத் தூவினதுபோலப் பொரிப்பொரியாக மினுங்கியது. உலையிலும் அதிகமாகக் காய்ச்சியிருக்கிறேன், டெம்பரிங்கும் இல்லை. கம்பெனியில் இப்படி ஒரு துண்டைப் பார்த்தால் அதோடு வந்த லாட் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவேன். ஒரு சின்னப் பிள்ளை அடித்திருந்தாலும் இது உடைந்திருக்கும்.

சாவித்திரி பின்னால் வந்து நின்றாள். துண்டுகளைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "அன்னைக்கு ஓவன் கேட்டீங்களே, அதுக்கா?" என்றாள்.

"நீதான் கேக் வைக்கணும்னுட்ட" என்றேன். சொல்லும்போதே என் நாக்கு கூசியது.

அவள் கோபிக்கவில்லை. "நாளைக்கு வெச்சுக்கோங்கன்னுதானே சொன்னேன். அவங்களுக்கு அப்புறம் குடுத்திருக்கலாமே" என்றாள். கீழே கிடந்த துண்டைப் பொறுக்கி வைத்துவிட்டு, "போய்ச் சொல்லிடுங்க" என்றாள். சரி என்றேன்.

அடுத்த சனிக்கிழமை சொல்லத்தான் போனேன். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன். நாகவல்லி அக்கா கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் ஆரம்பித்தார்: "தம்பி, தப்பா நென்ச்சுக்காத. ஒரு வாரமா வேர்வ சிந்தி செஞ்சு குட்த்த. ஒயுங்கா வெச்சுக்கத் தெரியாம ஒட்ச்சிட்டோம்."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். என் கத்தியை உடைத்ததற்காக என்னிடம் மன்னிப்பு! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லக்கா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டு வந்தேன்.

காவ்யா வீட்டில் இல்லை. "அம்மா ஊட்டுக்குப் போய்க்கீறா" என்றார் அக்கா, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. ஆடி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. புதுப் பெண் ஆடிக்குத் தாய்வீடு போவது ஊர் வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ளச் சௌகரியமாக இருந்தது. ஆடிக்கு அழைத்துப்போக அம்மா வீட்டிலிருந்து ஆள் வந்ததா, சீர் வந்ததா என்று நான் கேட்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. போய்ச் சொல்லவும் முடியவில்லை. டாக்டரிடம் அழைத்துப்போனேன், விரலை மடக்கிப் பழக ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தேன். தெருவில் எல்லாரும் என்னைத் தங்கமான மனுஷன் என்றார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பது என்ன, உள்ளே ஒருவன் உட்கார்ந்து அரம் போட்டுக்கொண்டிருந்தான். சந்துப் பக்கம் நான் போகவே இல்லை.

கம்பெனியில் செல்வகுமாரின் லாட் ஒன்று வந்தது. இரண்டு பாயிண்ட் கூடுதல். சிவப்பு அட்டையை எடுத்தேன். அவர் எதிரே நின்று, "தப்புதான் சார். பையன் ஒருத்தன் டெம்பரிங் டைமைக் கொறச்சுட்டான். நான் பாக்காம அனுப்பிட்டேன். எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னார். அதை எழுதிக் கையெழுத்தும் போட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பரவால்ல சார்" என்று முணுமுணுத்தேன். ரிஜெக்ட் ஜெகதீசன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா என்று அவர் என்னையே பார்த்தார்.

ஆவணி பிறந்தது. ஆடிக்குப் போன பெண்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். முதல் சனிக்கிழமை நான் போனபோது அக்கா வாசல்படியில் உட்கார்ந்து ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார். மூன்று விரல் மடங்கியது. இரண்டு விரல் நீட்டியபடியே நின்றது.

"காவ்யா இன்னும் வரலியாக்கா?" என்றேன்.

"வர மாட்டா." பந்தை மடியில் போட்டார். "நாள்ளிக்கு ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் ஒக்காந்து பேசி முட்ச்சிடப் போறாங்க. போட்டத அவங்க எட்த்துக்கட்டும், தாலிய நாங்க வாங்கிக்கிறோம். வீரா ஒரே புடியா நிக்கிறான். அம்மா கைய ஒட்ச்சவகூட ஒரே ஊட்ல படுக்க மாட்டேன்றான்."

"ஆடிக்குப் போனான்னு…" என்றேன்.

"இன்னா ஆடி? அன்னிக்கு ஆஸ்பத்திரிலேந்து வந்தவொடனே நான்தான் போடின்னேன். வாயில வராத வார்த்த இல்ல. எல்லாத்தயும் நின்னு கேட்டுகினா. நான் அப்டி அடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா உட்டிருப்பேன். சொல்லலியே. அப்போ கோவத்துலதான அடிச்சிருக்கா?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது.

"அவ சாதாரணமாத்தான் அடிச்சாக்கா. நான் பாத்தேன்" என்றேன். நிறுத்தினால் இனிமேல் எப்போதும் வராது என்று தெரிந்தது. நிறுத்தாமல் சொன்னேன். "கத்தியிலதான் தப்பு. எண்ணெயில முக்கினதுக்கு அப்புறம் அத இளஞ்சூட்டுல நாலு மணி நேரம் வெச்சு எடுக்கணும். இல்லன்னா உடைஞ்சிடும்னு எனக்குத் தெரியும். ஓவன் கெடைக்கல. ஒரு வாரம் தள்ளிக் குடுத்திருக்கலாம். எல்லார் முன்னாடியும் குடுக்கணும்னு ஆசப்பட்டு அப்படியே குடுத்துட்டேன். நீங்க அடிச்சிருந்தாலும் உடைஞ்சிருக்கும். யார் அடிச்சிருந்தாலும் உடைஞ்சிருக்கும்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"வண்டி கீதா?" என்றார்.

"இருக்குக்கா."

"எடு. பாரிவாக்கம் போவணும். என்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லு."

ஆவடியைத் தாண்டிப் பூந்தமல்லி ரோட்டில் போனோம். வலது கையால் என் வண்டியின் பின்கம்பியைப் பிடித்திருந்தார். மேடு பள்ளத்தில் வண்டி குதித்தபோது இடது கை என் முதுகில் வந்து இடித்தது. மடங்காத இரண்டு விரலும் சட்டைக்கு மேலேயே தெரிந்தது. பாரிவாக்கம் சிக்னலில் நின்றபோது, எனக்குச் சொல்வதுபோல இல்லாமல், "அவள நான் இன்னா பேச்சுப் பேசிட்டேன்" என்றார்.

காவ்யாவின் அம்மா வீடு ஏரிக்கரைப் பக்கம், புதிதாக எழும்பிய அபார்ட்மெண்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஓர் ஓட்டு வீடு. அவள் அம்மா எங்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராக நின்றாள். "பஞ்சாயத்து நாள்ளிக்குத்தான?" என்றாள். நாற்காலி போடவில்லை. காவ்யா உள்ளிருந்து வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. அந்த வேலையில்தான் சேர்ந்திருக்கிறாள். நைட் ஷிப்டுக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இவரு ஒண்ணு சொல்றாரு. கேளு" என்றார் அக்கா.

சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. நின்றுகொண்டே, கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றையும் விடாமல் சொன்னேன். உடைந்த ஜோடிக் கத்தியைப் பற்றியும் சொன்னேன்.

காவ்யா முழுவதையும் கேட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் மாமியாரைப் பார்த்துப் பேசினாள். "நான் கோவமாத்தான் இருந்தேன் அத்தே. கட்டைய ஓங்கறப்போ மனசுக்குள்ள ஒன்னத்தான் திட்டிகினு இருந்தேன். அடி எவ்ளோ வேகமா உழுந்துச்சுன்னு எனக்கே தெரியல. அதான் ஆஸ்பத்திரில ஒன் புள்ள கேட்டப்பவும், நீ திட்டினப்பவும் இல்லன்னு சொல்ல வாய் வரல. நான்தான் ஒன் கைய வெட்டிட்டேன்னு நென்ச்சிகினு கீறேன். தெனம் அதே கனா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "தப்பு என் மேலடி. ஒன்ன ஒரு வார்த்த கேக்காம, ஊர்ல கீறவ சொன்னத நம்பிட்டேன். வீராகிட்ட நான் பேசிக்கிறேன். நாள்ளிக்கு எவனும் ஒக்கார வோணாம். வேலைக்கும் போ. பஸ் நம்ம ஊட்டாண்டயும்தான் வருது."

காவ்யா கிட்டே வந்து மாமியாரின் இடது கையை எடுத்தாள். தையல் போட்ட இடத்தைத் தடவினாள். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மற்ற இரண்டையும் மடக்கப் பார்த்தபோது அக்காவின் முகம் சுருங்கியது. காவ்யா விட்டுவிட்டாள். கையை விடாமலே என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கு எப்போ தெரியும்ணா?"

"அன்னைக்கே. சாயங்காலமே."

அவள் உதடு அசைந்தது. நாளை எண்ணுகிறாள் என்று தெரிந்தது. நான் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தேன். நாற்பத்தொரு நாள்.

"அப்பால எங்க ஊட்டுக்கு வந்தீங்களா?"

"வந்தேன். அஞ்சு தடவ."

"வந்தப்போ அத்த டீ போட்டுக் குட்த்தாங்களா?"

"குடுத்தாங்க."

"ஒத்தக் கையாலயா?"

தலையை ஆட்டினேன். அக்கா, "உடுடி" என்றார். அவள் விடவில்லை.

"குட்ச்சீங்களா?"

"குடிச்சேன்" என்றேன். "அஞ்சு தடவையும் குடிச்சேன்."